கணுக்கால் மூட்டின் கசியிழையமும் அதனைச் சீர்செய்யும் சத்திரசிகிச்சையும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, கல்லூரியின் பழம்பெருமைகளை எழுதுவார் பலர் உளர் என்பதனை எண்ணி, நாம் விஞ்ஞானப் பொருள் ஒன்றனைத் தெரிந்துகொண்டோம். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழில் எழுதுதல் இந்நாட்டுக்குப் புதிதன்று. மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த டொக்டர் சாமுவேல் கிறீன் 1867 ஆம் ஆண்டில் ‘இரண வைத்தியம்’ என்னும் நூலையும், 1872 ஆம் ஆண்டில் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் நூலையும் தமிழில் வெளியிட்டார். அந்நெறியைப் பின்பற்றிச் சத்திர வைத்தியத்தின் சிறு கூறொன்றனை ஈண்டு விளக்க முயல்வாம்.

இப்பொருளைத் தெரிந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. நாம் விளையாட்டுப் பொறுப்பாசிரியராயிருந்த காலத்தில், உதைபந்தாட்டக் குழுவைச் சேர்ந்த மாணவன் ஒருவன் பந்தை மறிக்கப் பாய்ந்து விழுந்து வலது கணுக்காலை உளுக்கிக்கொண்டான். வீட்டார் நோவெண்ணெய் பூசிக் கட்டினர். எக்ஸ்கதிர்ப் படமும் எடுப்பித்தனர். படத்தில் முறிவு யாதும் இல்லை. ஆறு வாரங்கழித்து மைதானத்துக்கு வந்தவன், ஓடும்போது மூட்டின் உள்ளே நோகின்றது என்றான். படத்திற் காணாத நோவு உண்மையான நோவாகாது என்று நாம் கருதினோம். அடுத்த போட்டி அண்மியிருந்தது. “சாட்டுச் சொல்லாதே, ஓடு” என்றோம். அவனும் ஓடினான். அப்பருவம் முழுவதும் ஓடினான். அவன் சொன்னது மெய்யென்பது ஓராண்டின் பின்னரே எமக்குத் தெரியவந்தது. அன்று நாம் அறியாதிருந்தவற்றை இன்று மாணவரும் ஆசிரியரும் பெற்றோரும் அறிதல் நன்றென்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூட்டின் அமைப்பு

கணுக்கால் மூட்டில் மூன்று என்புகள் கூடுகின்றன. முழங்காலிலிருந்து இறங்கிவரும் கணைக்கால் உள்ளென்பும் வெளியென்பும் கீழே ஒரு கவைபோல நின்று, இரு பக்கத்திலும் நாம் கையால் தடவி அறியத்தக்க புடைப்புகளாக முடிகின்றன. அக்கவையினுள்ளே தாலசு என்னும் சிறிய என்பு, தச்சர் துளையில் இறுக்கிய முளைபோலப் பொருந்தியிருக்கின்றது. தாலசின் மேற்பரப்பு வளைந்த கூரைபோன்றது. நாம் பாதத்தை மேலே நிமிர்த்தும்போதும் கீழே தாழ்த்தும்போதும் அக்கூரையே கவையினுள் உருள்கின்றது.

தாலசுக்குச் சில விசேட இயல்புகள் உண்டு. எந்தத் தசையும் அதனைப் பற்றியிருப்பதில்லை. அதன் மேற்பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு கசியிழையத்தால் மூடப்பட்டிருப்பதால், குருதிக்குழாய்கள் உட்புகுதற்குரிய இடம் மிகக் குறைவு. அவ்வாறாயினும், நடக்கும்போது உடல் நிறையைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு விசை இம்மூட்டின் ஊடாகச் செல்கின்றது. அவ்விசை பரந்த பரப்பிற் பகிரப்படுவதனாலேயே மூட்டு பிழைத்திருக்கின்றது. தாலசு தன்னிடத்தினின்றும் 1 மில்லிமீற்றர் வெளிப்புறமாக விலகினாலும், என்புகள் தொட்டுக்கொள்ளும் பரப்பு நூற்றுக்கு 42 பங்கு குறைந்துவிடும் என்று றாம்சே, ஹமில்ரன் என்னும் இருவர் 1976 ஆம் ஆண்டில் அளந்து காட்டினர். மூட்டின் பொருத்தம் எத்துணை நுட்பமானது என்பது இதனாற் பெறப்படும்.

கசியிழையத்தின் இயல்பு

என்புகள் ஒன்றோடொன்று உரையும் முனைகளை மூடி, வெண்மையாயும் வழுவழுப்பாயும் உள்ள மெல்லிய போர்வையே மூட்டுக் கசியிழையம். சுசுருத சம்ஹிதை என்புகளை ஐவகையாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றனைத் ‘தருணம்’ என்று கூறும். இளமையானது, மென்மையானது என்பது அச்சொல்லின் பொருள். தமிழகத்தார் ‘குருத்தெலும்பு’ என வழங்குவதும் அக்கருத்துப் பற்றியதே. நம் நாட்டு விஞ்ஞான நூல்கள் கசியிழையம் என வழங்குகின்றன.

இப்போர்வையின் தடிப்பு முழங்காற் சில்லில் 5 மில்லிமீற்றர் வரை இருக்கும். கணுக்காலிலோ 1 முதல் 1½ மில்லிமீற்றர் அளவேயாம். அதன் நிறையில் நூற்றுக்கு 65 முதல் 80 பங்கு நீர். எஞ்சியது கொலாஜன் என்னும் புரத நார்களாலான வலையும், அவ்வலையினுள் நீரைப் பிடித்துவைத்திருக்கும் பெரிய மூலக்கூறுகளும் ஆகும். காலை ஊன்றும்போது அந்நீர் சிறிது கசிந்து வெளியேறும். ஊன்றல் நீங்கியதும் மீண்டும் உட்புகும். இவ்வாறு நீர் போய்வருதலாலேயே கசியிழையம் அதிர்ச்சியைத் தாங்குகின்றது, ஊட்டத்தையும் பெறுகின்றது. மூட்டை அசையாது வைத்திருத்தல் அதற்கு நன்மையன்று என்பதற்கும் காரணம் இதுவே.

இத்துணைச் சிறந்த இழையத்துக்குக் குறை ஒன்றுண்டு. அதற்குக் குருதிக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. அதனை ஆக்கும் கலங்கள் மிகச் சிலவாய், ஒன்றினின்று ஒன்று அகன்று, தம்மைச் சூழ்ந்த பொருளினுள் அடைபட்டுக் கிடக்கின்றன. தோலில் வெட்டுக்காயம் ஏற்பட்டாற் குருதி பாய்ந்து உறைகின்றது; அவ்வுறைவினுள்ளே புதிய கலங்கள் வந்து குடியேறிப் புண்ணை ஆற்றுகின்றன. கசியிழையத்திற் காயம் ஏற்படின் குருதி வருவதில்லை. ஆகவே ஆற்றுவாரும் இல்லை. 1743 ஆம் ஆண்டில் வில்லியம் ஹன்ரர் என்னும் வைத்தியர் இலண்டன் றோயல் சங்கத்தின் வெளியீட்டில் மூட்டுக் கசியிழையத்தைப் பற்றி எழுதியபோது, அது ஒருமுறை அழிந்தால் மீண்டும் உண்டாவதில்லை என்று முடிவுகூறினார். 280 ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கூற்றை முற்றாகப் பொய்யாக்கியவர் எவருமிலர். பின்வந்த சத்திர வைத்தியர் செய்தனவெல்லாம் அதற்கு மாற்று வழிகளைத் தேடியமையே.

பழுது நேரும் விதம்

பாதம் உட்புறமாகப் புரண்டு உளுக்கும்போது, வெளிப்புறத்தே மூட்டைப் பிணைக்கும் நார்கள் இழுபடும் அல்லது அறும். வீக்கமும் கன்றிய நிறமும் அதனால் வருவன. ஆயின் அந்தக் கணத்திலேயே தாலசின் கூரை, கவையின் சுவரோடு மோதுதலும் உண்டு. அம்மோதலாற் கசியிழையமும் அதன் கீழுள்ள என்பும் ஒருங்கே நசுங்கலாம். 1959 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியராகிய பேர்ண்ட், ஹாட்டி என்போர், இறந்தோரின் கால்களைப் பல்வேறு வகையாக முறுக்கி இப்பழுதினை உண்டாக்கிக் காட்டினர். அவர்கள் அதனை நான்கு படிகளாக வகுத்தனர். முதற்படியில் என்பு நசுங்கும். இரண்டாவதில் ஒரு துண்டு பாதி கழரும். மூன்றாவதில் அத்துண்டு முற்றாகக் கழன்றும் தன்னிடத்திலேயே கிடக்கும். நான்காவதில் இடம்பெயர்ந்து மூட்டினுள் உலாவும். அங்ஙனம் உலாவும் துண்டுகளைக் கணுக்காலிற் கண்டதாக எடின்பரோவின் அலெக்சாந்தர் மன்றோ 1738 ஆம் ஆண்டிலேயே குறித்துள்ளார்.

தாலசின் வெளிப்புறத்தே நேரும் பழுது பெரும்பாலும் மெல்லிய செதிள்போல ஆழமற்றது. உட்புறத்தே நேர்வது கிண்ணம்போல ஆழமானது. இவ்விரண்டனுள் உட்புறப் பழுதே அதிகமாகக் காணப்படுகின்றது.

கசியிழையத்துக்கு நரம்பில்லையெனின் நோவு எங்ஙனம் வரும் என்று மாணவர் வினவுதல் கூடும். நல்ல வினாவே. அதற்கு விடை அடியிலுள்ள என்பில் இருக்கின்றது. கசியிழையத்தில் வெடிப்பு உண்டாயின், ஒவ்வோர் அடியெடுத்து வைக்கும்போதும் மூட்டின் நீர் அவ்வெடிப்பின் வழியே என்பினுள் அழுத்தி ஏற்றப்படுகின்றது. அவ்வழுத்தத்தால் என்பு கரைந்து, உள்ளே நீர் நிறைந்த குழிகள் தோன்றுகின்றன. என்பிலுள்ள நரம்புகள் அதனை நோவாக அறிவிக்கின்றன. நெதர்லாந்தின் சத்திர வைத்தியர் வான் டைக்கும் அவருடன் பணியாற்றியோரும் 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட விளக்கம் இது. ஓடும்போது மூட்டின் உள்ளே நோகின்றது என்று எம் மாணவன் கூறியது எவ்வளவு சரியான கூற்று என்பதனை இதனைப் படித்தபோதே உணர்ந்தோம்.

கண்டறிதல்

எக்ஸ்கதிர்ப் படம் என்பையே காட்டும், கசியிழையத்தைக் காட்டாது. சிறு பழுதுகள் பல அதிற் புலப்படாமலே போகும். காந்தப்புலத்தின் உதவியால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படமே கசியிழையத்தையும் என்பினுள்ளே தோன்றும் நீர்க்கோப்பையும் காட்டவல்லது. என்பிலுள்ள குழியின் அளவையும் ஆழத்தையும் செம்மையாக அறிதற்குச் சி.டி. படம் துணைசெய்யும். உளுக்கு ஏற்பட்டு இரண்டு மூன்று மாதங்கள் கழிந்தும் மூட்டினுள் ஆழ்ந்த நோவு, விளையாடியபின் வீக்கம், அசைக்கும்போது ஏதோ பிடித்துக்கொள்வது போன்ற உணர்ச்சி ஆகியன நீங்காவிடின், ‘உளுக்குத்தானே’ என்று விட்டுவிடுதல் தகாது. எக்ஸ்கதிர்ப் படம் நன்றாயிருக்கின்றது என்பது அப்போது போதிய மறுமொழியன்று.

மூட்டினுள் நோக்குங் கருவி

பழுது கண்டவர் யாவருக்கும் சத்திரசிகிச்சை வேண்டுவதில்லை. துண்டு கழராதவிடத்து, சிறப்பாக வளரும் பிள்ளைகளுக்கு, ஓய்வும் காலைக் கட்டி வைத்தலும் பின்னர் முறையான பயிற்சியும் முதலிற் செய்யப்படும். சில மாதங்களில் நோவு தணியாவிடின், அல்லது துண்டு பெயர்ந்துவிடின், சத்திர வைத்தியர் முன்வருவர்.

முற்காலத்தில் இம்மூட்டினைக் காண்பதற்கு அதனை அகலத் திறக்க வேண்டியிருந்தது. 1918 ஆம் ஆண்டில் தோக்கியோவில் கெஞ்சி தக்காகி என்பவர், மூத்திரப்பையினுள் நோக்கும் குழாயை இறந்தவர் ஒருவரின் முழங்காலினுட் செலுத்திப் பார்த்தார். 1931 ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் மைக்கேல் பேர்மன் பல மூட்டுகளை அவ்வாறு ஆராய்ந்து, கணுக்கால் மிக ஒடுக்கமானது, இம்முறைக்கு ஏற்றதன்று என்றார். கருவிகள் சிறுத்தபின் அக்கருத்து மாறிற்று. 1972 ஆம் ஆண்டில் யப்பானியராகிய மசாக்கி வட்டனாபே, கண்ணாடி இழையாலான நுண்ணிய நோக்கியைக் கொண்டு 28 கணுக்கால்களை ஆராய்ந்ததை வெளியிட்டார். இன்று முன்புறத்தே அரைச் சென்ரிமீற்றர் அளவான இரண்டு சிறு வெட்டுகள் போதும். ஒன்றன் வழியே நோக்கியும், மற்றதன் வழியே கருவிகளும் செல்லும். மூட்டினுள் உப்புநீர் பாய்ச்சப்பட்டு, உள்ளே காண்பது திரையிற் பெரிதாகத் தோன்றும்.

சீர்செய்யும் முறைகள்

முதலாவது, கழன்ற துண்டினை மீண்டும் பொருத்துதல். துண்டு பெரிதாயும் அதனோடு போதிய என்பு சேர்ந்தும் இருப்பின், அடியைத் துப்புரவாக்கி, சிறு திருகாணியினாலோ உடலிற் கரையும் ஊசியினாலோ அதனை உரிய இடத்தில் இறுக்குவர். இயற்கையான கசியிழையம் காக்கப்படுவதால், இயலுமிடத்து இதுவே விரும்பத்தக்கது. ஆயின் காலந்தாழ்த்தினால் துண்டு சிதைந்து இதற்கு உதவாது போகலாம்.

இரண்டாவது, நுண்முறிவு முறை. கசியிழையத்துக்குக் குருதியில்லை என்பதே அதன் குறையெனக் கண்டோம். அங்ஙனமாயின் அடியிலுள்ள என்பிலிருந்து குருதியை வரவழைத்தால் என்ன என்பதே இம்முறையின் கருத்து. பிரிஸ்டல் நகரின் கென்னத் பிரிடி 1959 ஆம் ஆண்டில் முழங்காலில் என்பைத் துளைத்து இதனைச் செய்தார். 1980களில் அமெரிக்காவில் றிச்சட் ஸ்ரெட்மன், துளைகருவிக்குப் பதிலாகக் கூரிய ஊசிமுனைக் கருவியைக் கொண்டு இதனைத் திருத்தியமைத்தார். முதலிற் பழுதடைந்த கசியிழையத்தைச் சுரண்டி நீக்கி, நல்ல கசியிழையம் செங்குத்தான கரையாக நிற்கும்படி செய்வர். பின்னர் என்பில் 3 அல்லது 4 மில்லிமீற்றர் இடைவெளியிற் சிறு துளைகள் இடுவர். உப்புநீரின் அழுத்தத்தைக் குறைத்ததும் அத்துளைகளிலிருந்து குருதியும் கொழுப்புத் துளிகளும் கசிவதைத் திரையிற் காணலாம். அக்குருதி குழியில் உறையும். என்பு மச்சையிலிருந்து வந்த கலங்கள் அதனுட் குடியேறிப் புதிய இழையத்தை ஆக்கும்.

ஆயினும் அங்ஙனம் ஆவது பழைய கசியிழையமன்று; நார்க்கசியிழையம். கிழிந்த பட்டுக்குக் கித்தான் ஒட்டுப் போட்டதனை ஒக்கும். ஓட்டை மூடும், ஆனால் பட்டாகாது. ஆதலின் இம்முறை சிறு பழுதுகளுக்கே உரியது. குறுக்களவு 15 மில்லிமீற்றருக்கு மேற்படின் பயன் குறையும் என்பது நெடுங்காலம் கொள்ளப்பட்ட வரம்பு. அண்மைக்கால ஆய்வாளர் சிலர் அதனை 10 மில்லிமீற்றர் அளவுக்குச் சுருக்கியுள்ளனர். தகுந்தோர்க்குச் செய்யின் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் நற்பயன் பெறுகின்றனர் எனப் பல ஆய்வுகளை ஒருங்கு தொகுத்தோர் கூறுவர். அவற்றுட் பல சிறு தொகையினரைக் கொண்டு, ஒப்பிடுவதற்கு வேறு தொகுதியின்றிச் செய்யப்பட்டவை என்பதனையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, நாற்றுப் பெயர்த்து நடுதல் போன்றது. முழங்காலில் நிறை அதிகம் விழாத ஓரத்திலிருந்து, கசியிழையமும் என்பும் சேர்ந்த சிறு உருளைகளை எடுத்துத் தாலசின் குழியில் இறுக்கமாக நாட்டுவர். ஹங்கேரி நாட்டு லாஸ்லோ ஹங்கோடி 1992 ஆம் ஆண்டு முதல் நோயாளரிடத்துச் செய்துவந்த இம்முறையில், உருளைகள் அருகருகே பதித்த கற்கள்போல அமையும். மெய்யான கசியிழையமே கிடைக்கின்றது என்பது இதன் சிறப்பு. ஆனால் உள்ளே நேராகச் சென்று நாட்டுதற்குப் பெரும்பாலும் உட்புறக் கணுவின் என்பை வெட்டித் திறந்து, பின்னர் திருகாணியிட்டுப் பொருத்த வேண்டியிருக்கும். ஒரு மூட்டைத் திருத்துதற்கு நல்ல மூட்டொன்றைத் தொடுதலால் முழங்காலில் நோவு தங்கலும் உண்டு. பழுது மிகப் பெரிதாயின், இறந்தவர் தானமாக அளித்த தாலசிலிருந்து உரிய துண்டினை வெட்டிப் பொருத்துதலும் சில நாடுகளில் நடைபெறுகின்றது.

நான்காவது, கலங்களை வளர்த்து நடுதல். சுவீடனின் கோத்தன்பேர்க் நகரில் பீற்றசன், பிரிட்பேர்க் முதலியோர் 1987 ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இதனைச் செய்தனர். முழங்காலிற் செய்துகொண்ட 23 பேரின் விளைவுகளை 1994 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பின்னர் இது கணுக்காலுக்கும் வந்தது. நோயாளியின் கசியிழையத்திற் சிறு சீவலை எடுத்து, அதன் கலங்களை ஆய்வுகூடத்திற் சில வாரம் பெருகச் செய்து, மீண்டும் குழியில் இடுவர். இருமுறை சத்திரசிகிச்சை வேண்டும், செலவும் பெரிது. இதற்கும் நுண்முறிவுக்கும் இடைப்பட்ட வழியாக, துளையிட்ட குழியைக் கொலாஜன் மென்றகட்டால் மூடிக் குருதியுறைவை அங்கேயே நிலைக்கச் செய்யும் முறையும் இன்று வழக்கிலுண்டு.

எம்முறையைக் கைக்கொள்ளினும் இரு செய்திகளை மறத்தலாகாது. பிணைக்கும் நார்கள் அறுந்து மூட்டுத் தளர்ந்திருப்பின் அதனையும் சரிசெய்தல் வேண்டும்; குதிக்கால் கோணியிருப்பின் அதனையும் நேராக்கல் வேண்டும். அடித்தளம் சாய்ந்திருக்கக் கூரைக்கு ஓடு மாற்றுவதால் யாது பயன்?

சிகிச்சையின் பின்

சத்திரசிகிச்சை ஒரு மணி நேரத்தில் முடியலாம், ஆறுதல் அங்ஙனமன்று. நுண்முறிவு செய்தவர்கள் ஏறத்தாழ 6 வாரம் ஊன்றுகோலின் துணையோடு, காலில் நிறை வையாது நடத்தல் வழக்கம். இதனினும் முன்னர் ஊன்ற விடுவோரும் உளர். ஆயினும் மூட்டை நாள்தோறும் மெல்ல அசைத்தல் வேண்டும். பின்னர் நடை, தசைப் பயிற்சி, ஒற்றைக்காலில் நின்று நிலைபேணும் பயிற்சி என முறையே ஏறி, 4 முதல் 6 மாதங்களிலேயே ஓட்டமும் விளையாட்டும் வரும். பெரிய ஒட்டுக்களின் பின் ஓராண்டும் செல்லும். பொறுமையற்றவர் குருதியுறைவு இழையமாக மாறுமுன் அதனை நசுக்கிவிடுவர்.

எம் மாணவனுக்கு எம்.ஆர்.ஐ. படத்தில் தாலசின் உட்புறத்தே கழன்ற துண்டொன்றும் அதனடியில் ஒரு குழியும் காணப்பட்டன. துண்டு சிதைந்திருந்தமையால் அதனை மீண்டும் பொருத்த இயலவில்லை. அதனை நீக்கி நுண்முறிவு செய்தனர். முன்னரே வந்திருந்தாற் பொருத்தியிருத்தல் கூடுமோ என்று சத்திர வைத்தியரை வினவினோம். “இருக்கலாம்” என்ற ஒரு சொல்லோடு அவர் நிறுத்திக்கொண்டார். இன்று அவர் நோவின்றி நடக்கின்றார், சைக்கிளும் ஓட்டுகின்றார். உதைபந்தாட்டத்துக்கு மட்டும் திரும்பவில்லை. நாம் மன்னிப்புக் கேட்டபோது, “நீங்கள் சொல்லாவிட்டாலும் நான் ஓடியிருப்பேன், சேர்” என்றார். அஃது அவருடைய பெருந்தன்மை. எமது பிழையைக் குறைப்பதன்று.

மாணவர்களே, மூட்டினுள் நோவு நிலைத்தால் அணியில் இடம் போய்விடுமென்று அஞ்சி மறையாதீர்கள். ஒரு பருவத்து ஆட்டத்தை இழத்தல் சிறிது. முழங்கால் இடுப்புகளைப் போலன்றிக் கணுக்கால் மூட்டின் தேய்வு பெரும்பாலும் பழைய காயங்களாலேயே வருவது. பெற்றோர்களே, எண்ணெயும் கட்டும் நோவைத் தணிக்கலாம்; மூன்று மாதத்தின் பின்னும் தணியாதது உளுக்கன்று. எமக்குப் பின் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆசிரியர்களே, படத்திற் காணப்படாத நோவையும் மாணவன் சொன்னால் நம்புங்கள். அவனை மீண்டும் ஓடச் சொல்லுமுன், அவனுடைய கணுக்காலை உரியவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.